வேளைக்கீரையும் பதினான்கு கீரையும்

ஆனி மாதத்தில் முதல் மழை விழுந்ததும் கரக்பூரின் செம்மண் தரையில் புல்லும் பூண்டும் தாமே எழுகின்றன. விதைத்தவர் இல்லை, நீர் வார்த்தவரும் இல்லை. நம் ரெயில்வே குடியிருப்பில் வீட்டுக்கு வீடு புறக்கடையில் முழங்கால் உயரம் மண்டி நிற்கும் அவற்றை நாம் களை என்கிறோம். கூலி கொடுத்து ஆள் வைத்து வெட்டி எறிகிறோம். அன்று மாலையே கோல் பஜாருக்குப் போய்ப் பணம் கொடுத்து ஒரு கட்டுக் கீரை வாங்கி வருகிறோம். எறிந்ததிலும் கீரை இருந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் சிலரே.

களை என்பது எந்தச் செடிக்கும் இயற்கையாய் அமைந்த பெயர் அன்று. அஃது உழவன் இட்ட பெயர். தான் விதைத்ததற்கு இடையூறாக நிற்பது எதுவோ அஃது அவனுக்குக் களை. கீரை என்பது சமைப்பவர் இட்ட பெயர். பழந்தமிழர் இலைக்கறியை அடகு என்று வழங்கினர். ஒரே செடி ஒருவர் கண்ணுக்குக் களையாகவும் மற்றொருவர் கண்ணுக்கு அடகாகவும் தோன்றி வந்த வரலாற்றையே நாம் இங்குச் சொல்லப் புகுகிறோம். அதற்கு வேளை என்னும் செடியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வேளையை நம்மில் பலர் பார்த்திருப்பர், பெயர் அறிந்திரார். ஐந்து விரல் விரித்தாற்போல் ஐந்து சிற்றிலைகள்; நுனியில் வெண்ணிறப் பூங்கொத்து; பூவிலிருந்து பூனை மீசை போல் நீண்ட மகரந்தக் கம்பிகள்; பின்னர்க் கடுகுக்காய் போன்ற நெடிய காய். நல்வேளை என்றும் தைவேளை என்றும் நம் மருத்துவர் சொல்வர். மஞ்சட்பூப் பூத்துப் பிசுபிசுக்கும் நாய்வேளை வேறு. குப்பைமேடும் பாழ்மனையும் வெண்பூ வேளைக்கு மிகவும் உவந்த இடங்கள். இங்குள்ள வங்காளிகள் இதனை ஹுர்ஹுரே என்கின்றனர்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறிய வீட்டின் அடுக்களை வருகிறது. கூரை சிதைந்து கிடக்கிறது. சுவரில் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் ஈன்ற நாய் பாலின்மையால் தன் குட்டிகளையே ஒதுக்குகிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, தெருக்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். கதவைச் சாத்தியது திருடருக்கு அஞ்சி அன்று. வறுமையின் இயல்பறியாத அண்டை அயலார் கண்டுவிடுவரே என்னும் நாணத்தால். உப்பு வாங்கக் கையில் ஏதேனும் பண்டம் வேண்டும். வேளைக்கு ஒன்றும் வேண்டா. அதனால் கீரை இருந்தது, உப்பு இல்லை. பிற்கால ஆராய்ச்சியாளர் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய பொருளியலை அப்புலவர் ஒரு சட்டியில் காட்டிவிட்டார்.

புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வீட்டு நிலையைச் சொல்லும்போதும் இதே காட்சிதான். மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பறிக்கிறாள். ஏற்கெனவே பறித்த கணுவிலேயே மறுபடி துளிர்த்த தளிர் அது என்று புலவர் ஒரு குறிப்பு வைக்கிறார். நேற்றும் அதுவே உணவு, அதற்கு முன்னாளும் அதுவே உணவு என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? அங்கும் உப்பு இல்லை, மோர் இல்லை, சோற்றின் நினைவே மறந்துபோயிற்று.

இவ்விரண்டை மட்டும் படித்தவர் வேளை வறியவர் உணவு என்று முடிவு கட்டிவிடுவர். அது சரியன்று. 215-ஆம் பாட்டைக் காண்க. பாடியவன் சோழ வேந்தன் கோப்பெருஞ்சோழன். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த அவன், காணாமலே நட்பு பூண்ட பிசிராந்தையாரின் வருகையை எதிர்நோக்கியிருக்கிறான். தன் நண்பர் வாழும் பாண்டி நாடு எத்தகையது என்று சொல்ல வந்தவன் முத்தையும் சந்தனத்தையும் சொல்லவில்லை. ஆயர்மகள் வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டுச் சமைத்த புளிப்பான கூழினை, வரகுச் சோற்றோடு, அவரை கொய்யும் உழைப்பாளர் வயிறார உண்ணும் நாடு அது என்கிறான். உணவைத் துறந்து அமர்ந்தவன் வாயில் இவ்வளவு சுவையான உணவுக் குறிப்பு வருவது நம் நெஞ்சைத் தொடுகிறது. இங்கே கதவு சாத்தப்படவில்லை. வேளை அதே வேளைதான். தயிர் சேர்ந்தது, வேலை முடித்த பசி சேர்ந்தது, நாணம் போயிற்று.

தயிர் சேர்த்ததிலும் பொருள் உண்டு. வேளை இலை கைப்புச் சுவையும் கடுகு போன்ற காரமும் உடையது. கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் இன்றளவும் இதே கீரையை வேகவைத்துப் பாலில் ஊறவிட்டுக் கைப்பைத் தணித்து உண்கின்றனர். நம் ஆயர்மகளின் முறையும் கடல் கடந்த அவர்கள் முறையும் ஒத்திருப்பது வியப்பே.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்புகுவதைத் தடுத்த சான்றோரை நோக்கிக் கைம்பெண்கள் உண்ணும் உணவை எடுத்துரைக்கிறாள். நெய் தீண்டாத பிழிந்த சோறு. எள்ளை அரைத்த துவையல். புளியிட்டு வெந்த வேளை. அவளுக்கு அந்தத் தட்டு தீயினும் கொடியதாகத் தோன்றிற்று. ஆக, வறுமையில் வெட்கத்தோடு உண்டதும், உழைப்பில் மகிழ்ந்து உண்டதும், நோன்பென்று திணிக்கப்பட்டு உண்டதும் ஒரே செடியாக இருந்தன. வேளையின் இலையில் எவ்வித மாற்றமும் இல்லை.

முஞ்ஞை என்னும் முன்னைக் கீரைக்கும் இவ்வாறே ஒரு பெருமை உண்டு. 197-ஆம் பாட்டில் மதுரைக் குமரனார், ஆட்டுக்குட்டி மேய்ந்து எஞ்சிய முன்னைத் தளிரை வரகுச் சோற்றோடு உண்ணும் சிற்றூர்த் தலைவனாயினும் எம் பண்பறிந்தவனே எமக்குப் பெரியவன் என்று பேரரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். சேக்கிழார் காட்டும் இளையான்குடி மாற நாயனார் மழை இருளில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வாரி வந்ததை நாம் எல்லாரும் அறிவோம். கறிக்கு என் செய்தார் என்பதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. புன்செய்க் குழியில் இன்னும் நிரம்ப வளராத கீரைப்பயிரை இருளில் தடவிப் பறித்து வந்தார். அவ்வொன்றையே அவர் மனைவியார் பலவகைக் கறியாக்கினார். நாயனார் தியாகத்தைப் பாடுவோர் அம்மையாரின் அடுக்களைத் திறனையும் ஒரு சொல் பாடலாம்.

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். பெங்கால் நாக்பூர் ரெயில்வே 1887-இல் அமைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரக்பூரில் பணிமனை பெருகப் பெருகத் தெலுங்கரும் தமிழரும் கிழக்குக் கரைப் பாதை வழியே வந்து குடியேறினர். வந்தவர்களுக்கு மொழி புதிது, மீன் மணம் புதிது. காலடியில் முளைத்த பூண்டுகளோ புதியன அல்ல. நம் பொன்னாங்கண்ணியைத் தெலுங்கர் பொன்னகண்டி கூர என்றனர். வங்காளிகள் சாஞ்சே சாக் என்றனர். நம் ஆரைக்கீரை இங்கே சுஷ்னி. உறக்கம் தரும் என்று சொல்லி உண்பர். வல்லாரை தான்குனி ஆயிற்று; புளியாரை ஆம்ருல் ஆயிற்று. பனிக்காலத்தில் தோட்டமெங்கும் சாம்பல் பூசினாற்போல் முளைக்கும் பேதோ வேறொன்றும் அன்று, நம் சக்கரவர்த்திக் கீரையே. மராட்டியர் அதனைச் சாக்வத் என்பர். குப்பையில் முளைப்பதற்குச் சக்கரவர்த்திப் பட்டம் சூட்டிய நாட்டில் பிறந்தோம் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

வங்காளிகளிடம் நாம் கற்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. காளி பூசைக்கு முன்னாள் அவர்களுக்குப் பூத சதுர்த்தசி. அன்று வீடுதோறும் பதினான்கு விளக்கு ஏற்றுவர். பதினான்கு கீரையைக் கலந்து சமைத்து உண்பர். 16-ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வாழ்ந்த இரகுநந்தனர் என்னும் தருமநூலாசிரியர் அப்பதினான்கின் பெயரையும் பட்டியலிட்டார். அதில் சேனை இலை, கடுகு, வேம்பு, சித்தகத்தி, சீந்தில், சக்கரவர்த்தி, பொன்னாங்கண்ணி, ஆரை ஆகியவை அடங்கும். பாதிக்கு மேல் நாம் அறிந்தவையே. நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தச் சதுர்த்தசிதான் நமக்குத் தீபாவளி. நாம் எண்ணெய் முழுக்காடிப் பலகாரம் உண்டு, மேலே இலேகியமும் விழுங்கும் அதே நாளில், சுவருக்கு அப்பால் அவர்கள் கீரை உண்கின்றனர். வயிற்றைக் காக்க இரு நாட்டாரும் இரு வழி கண்டனர் என்று கொள்ளலாம்.

அவ்வழக்கத்தின் நுட்பம் எண்ணிக்கையில் இருக்கிறது. பதினான்கு என்று எண் குறித்துவிட்டால் கடையில் கிடைக்கும் இரண்டு மூன்றோடு நிற்க முடியாது. குளக்கரைக்கும் வேலியோரத்துக்கும் போய்த் தேட வேண்டும். தேடப் போன பாட்டியோடு பேத்தியும் போவாள். செல்வர் வீட்டிலும் ஒருநாள் களையைத் தின்றாக வேண்டும். ஆகவே கதவைச் சாத்த வேண்டுவதில்லை. சேர நாட்டாரும் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், பத்திலைக்கறி சமைக்கும் வழக்கம் உடையவர். அதில் மூக்கிரட்டையும் தகரையும் சேரும். நம் துவாதசிக்கு உரிய அகத்தியோ நட்டு வளர்க்கும் மரம். அதைத் தேடிப் போக வேண்டுவதில்லை. இந்நாளில் வங்கத்துச் சந்தைகளிலும் பதினான்கு கீரை என்று பொடியாய் நறுக்கிக் கலந்து கூறு கட்டி விற்கின்றனர். அந்தக் கூறில் பதினான்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க எவராலும் இயலாது. வாங்குவோர் எண்ணுவதுமில்லை.

இம்மண்ணில் கீரையைப் பற்றிப் பேசுபவர் 1943-ஐப் பேசாமல் போதல் ஆகாது. 1942 அக்டோபர் 16-ஆம் நாள் வீசிய புயல் நம் மேதினிபூர் மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியைப் பாழாக்கிற்று. மறு ஆண்டு வங்கப் பஞ்சம். அரிசி விலை ஏழைக்கு எட்டாத உயரம் போயிற்று. சிற்றூர் மக்கள் சேம்புத் தண்டையும் வள்ளைக்கீரையையும் ஆம்பல் தண்டையும் தின்றனர். பின்னர் நகரங்களுக்கு நடந்து, சோறு கேட்கவும் துணிவின்றி, வடித்த கஞ்சிநீர் தருமாறு வாயில்தோறும் இரந்தனர். போர்க்காலத்தில் ரெயில்வே நிர்வாகங்கள் தம் ஊழியர்க்குத் தானியக் கடைகள் நடத்தின. ஊழியர் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கிடைத்தது. வேலிக்கு உள்ளே தானியக் கடை. வேலிக்கு வெளியே சேம்புத் தண்டு. நம் முன்னோர் உள்ளே இருந்தனர். இதனைப் பெருமையாகவும் சொல்வதற்கில்லை, பழியாகவும் சொல்வதற்கில்லை. வரலாறு என்று சொல்லி வைக்கிறோம்.

அப்பஞ்சத்தை ஆராய உட்ஹெட் தலைமையில் அமைந்த குழு 1945-இல் அறிக்கை தந்தது. அக்குழுவில் ஒருவர் அய்க்ராய்ட் என்னும் மருத்துவ அறிஞர். அவர் அதற்கு முன் நம் நீலகிரியில், குன்னூர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராக இருந்தவர். இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அளந்து பட்டியலிட்டு 1937-இல் வெளியிட்டவர். கீரைகளும் அப்பட்டியலில் உண்டு. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. எந்தக் கீரையில் என்ன சத்து என்று தமிழ் மண்ணில் இருந்து அளந்தவரே, கீரையையும் தின்று தீர்த்து மாண்டவரை வங்க மண்ணில் கணக்கிட நேர்ந்தது. மாண்டவர் 15 இலட்சம் என்றது குழு. 1974-இல் எழுதிய நூலில் அவ்வெண் குறைவானதே என்று அவர் ஒப்புக்கொண்டார். பின்வந்த அமர்த்தியா சென் 30 இலட்சம் அளவில் மதிப்பிட்டார்.

கீரையின் எல்லையையும் அவர் போன்றோர் அளவைகளே காட்டுகின்றன. 100 கிராம் அரிசி 345 கலோரி அளவுக்கு ஆற்றல் தரும். அதே எடைக் கீரை பெரும்பாலும் 25 முதல் 60 வரையே தரும். கண்ணுக்கும் குருதிக்கும் கீரை நல்லது. ஆனால் சோறில்லாத வயிற்றைக் கீரை தனியே காப்பாற்றாது. பெருஞ்சித்திரனார் வீட்டில் சோற்றை மறந்து கீரை தின்றவர்கள் மெலிந்து கிடந்தது அதனாலேதான். களைகளைத் தின்றால் பசியே தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசுவோர் இதனை அறிந்து பேசுவது நலம்.

இத்தனைக்குப் பின்னும் வங்காளிகள் அவ்வுணவுகளைப் பஞ்சத்தின் நினைவென்று வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. இலீஷ் மீன் தலையோடு சேர்த்த சேம்பிலை அவர்களுக்கு விருந்து. நாமோ ஒருநாளும் பஞ்சத்தில் தின்னாத புறக்கடைக் கீரையை, பார்ப்பவர் என்ன நினைப்பார்களோ என்று குனிந்து பறிக்கக் கூசுகிறோம். நத்தத்தனார் காட்டிய கதவு பொருள் மாறி நம் வீட்டில் சாத்தப்படுகிறது.

பயிர்த்தொழிலின் மாற்றமும் இதில் சேர்ந்தது. வடநாட்டுக் கோதுமை வயல்களில் சக்கரவர்த்திக் கீரை தானே முளைக்கும். களை பறிக்கும் பெண்கள் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று பராத்தாவிலும் தயிரிலும் சேர்ப்பர். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்திறங்கிற்று. விளைச்சல் பெருகியது, பசி குறைந்தது, அதனைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மை. ஆனால் பின்னர்ப் பெருகிய களைக்கொல்லிகளுள் 2,4-டி அகன்ற இலைப் பூண்டுகளை அழிப்பது. கோதுமையை விட்டுவிட்டுச் சக்கரவர்த்தியைக் கொன்றது. கையால் பறித்தபோது களையாகவும் கறியாகவும் இருந்தது, மருந்து தெளித்தபோது களையாக மட்டும் மாண்டது.

நம் குடியிருப்பில் நிலை என்ன? பெயர் சொல்லிப் பறிக்கத் தெரிந்த மூதாட்டியர் வீதிக்கு ஒருவர் இருவர். கோடைக்கென்று கீரையை உலர்த்தி வைக்கவும் அறிந்த சந்தால் பெண்கள் சந்தையில் இலைக்கூறு வைத்து அமர்ந்திருக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கோ தமிழ்ப் பெயரும் தெரியாது, வங்காளப் பெயரும் தெரியாது. எல்லாம் அவர்களுக்குப் புல். பெயர் போனபின் பறித்தல் இடர் தரும். இதற்கு ஒரு சான்று. இங்குள்ள குளங்களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பூண்டு ஒன்று பொன்னாங்கண்ணி போலவே தோன்றும். பொன்னாங்கண்ணியின் வெண்பூ இலைக்கக்கத்தில் ஒட்டியே இருக்கும். வந்தேறிப் பூண்டின் பூ நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். சாக்கடை நீரிலும் செழிக்கும் அப்பூண்டு நீரிலுள்ள நச்சு உலோகங்களை இழுத்துக்கொள்வது. ஆகவே தெரிந்தவர் உடனிருந்து காட்டாமல் எதனையும் பறித்தல் கூடாது. இருப்புப்பாதை ஓரத்தில் பறித்தல் அறவே கூடாது. அங்கே எண்ணெய்க் கசிவும் களைக்கொல்லியும் உண்டு என்பதை ரெயில்வேக்காரராகிய நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. சிறுநீரகத்தில் கல் உடையோர் சக்கரவர்த்தி முதலியவற்றை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

வேளையைச் சமைத்துப் பார்க்க விரும்பும் இல்லத்தரசியர் பூப்பதற்கு முன் கொழுந்தை மட்டும் கிள்ளுக. கொதிநீரில் ஒரு கொதி விட்டு அந்நீரைக் கொட்டிவிடுக. பிறகு வெந்த துவரம்பருப்போடு சேர்த்து, இறக்கியபின் கடைந்த தயிர் ஊற்றி, கடுகும் மிளகாய் வற்றலும் தாளிக்கலாம். பூவையும் தயிரில் இட்டுப் புளிக்கவைத்து உண்ணலாம். வரகு கிடைக்காத இவ்வூரில் புழுங்கலரிசிச் சோறே போதும். விதை வேண்டுவோர் காய் பழுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். பழுத்துக் காய்ந்தால் தானே வெடித்துச் சிதறிவிடும். கரிய சிறு விதை. நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும். உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வைத்து அடுத்த ஆனி மழைக்குச் சுவரோரம் தூவினால் போதும். களை எடுக்க வரும் ஆளிடம் மட்டும் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும்.